இடதுபக்க மட்கார்டு

கரையில் ஏற்றி நிறுத்தியிருந்த தோணியின்மேல் காரைக் கொண்டுபோய் மோதியவர்கள் தூத்துக்குடியில் எத்தனை பேர் இருப்பார்களோ, எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். தோணி தண்ணீரில் இருக்க வேண்டியது, கார் ரோட்டில் இருக்க வேண்டியது. இரண்டும் சந்திக்க எந்த நியாயமும் இல்லை. ஆனாலும் சந்தித்தன, சந்திக்க வைத்தவள் நான். இதைச் சொல்லி என் மாமனார் ரொம்ப நாள் என்னைக் கேலி செய்தார். பிற்பாடு நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். மோதிய அன்று சிரிப்பு வரவில்லை.

கார் என் வீட்டுக்காரருடையது. துறைமுகத்தில் வேலை பார்த்த ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. கறுப்பு நிறம், மடக்குகிற கித்தான் கூரை, முன்சக்கரங்களின்மேல் அகலமாக வளைந்து இறங்குகிற இரண்டு மட்கார்டுகள். மாமனாருக்குக் கருப்பட்டி மொத்த வியாபாரம். ஒரே மகன் கடையில் உட்காருவான் என்று அவர் நம்பியிருந்தார். மகனோ கடை வாசலில் காரை நிறுத்திவிட்டு அதன் அடியில் படுத்திருப்பார். வாடிக்கைக்காரர்கள் அவருடைய நீட்டிய கால்களைத் தாண்டித்தான் கடைக்குள் போக வேண்டும். நான் சாயர்புரத்தில் மிஷன் பள்ளியில் இரண்டு வருஷம் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் சொன்னவள். பெண் பார்க்க வந்த அன்று இவர் என்னைப் பார்த்ததைவிட எங்கள் வீட்டு வாசலில் வெயிலில் நின்ற காரைத்தான் அதிகம் எட்டிப் பார்த்தார். எனக்கு அப்போதே கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் கட்டிக்கொண்டேன்.

கல்யாணமான இரண்டாம் மாதம் எனக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். ஊருக்குள் வேண்டாம் என்று உப்பளத்துச் சாலைக்குக் கூட்டிப்போவார். இரண்டு பக்கமும் பாத்தி, சாலை நேராகப் போகும். மோதுவதற்கு உப்புக் குவியலைத் தவிர ஒன்றும் இல்லை. அதில் மோதினால் வண்டிக்கும் சேதமில்லை, உப்புக்கும் சேதமில்லை என்பார்.

"ஏளா, கீழ என்னத்தப் பாக்கே? கியரு எங்கயும் ஓடிப்போவாது. ரோட்டைப் பாரு."

"நீங்க சத்தம் போட்டா எனக்குக் கியரே மறந்துபோவுது."

"நான் எங்க சத்தம் போட்டேன்? எஞ்சின்தான் சத்தம் போடுது. உன்னைய நினைச்சு அழுவுது."

அந்தச் சாயங்காலங்களில் ஒன்றே ஒன்று திரும்பக் கிடைத்தால் போதும் என்று இந்த வயதிலும் நினைக்கிறேன். பெரிதாக ஒன்றும் வேண்டாம். அவர் இடதுபக்கம் உட்கார்ந்து, கையை வெளியே தொங்கவிட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு வர வேண்டும். நான் கியரைத் தப்பாகப் போட வேண்டும். அவர் என்னைத் திட்ட வேண்டும். உப்பின்மேல் பட்டுக் கண் கூசவைக்கிற அந்த வெளிச்சம்கூட வேண்டாம், விட்டுவிடலாம்.

யுத்தம் வந்தது. மோட்டார் வேலை தெரிந்தவர்களைப் பட்டாளத்தில் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் இவர் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து நின்றார். மாமனார் எட்டு நாள் மகனோடு பேசவில்லை. நான் பேசினேன், ஆனால் அதில் நல்ல வார்த்தை ஒன்றும் இல்லை. புறப்பட்ட அன்று ஸ்டேஷனுக்கு என்னைத்தான் ஓட்டச் சொன்னார். ஊருக்கு நடுவே நான் கார் ஓட்டியது அன்றுதான் முதல் தடவை. ஜனங்கள் கடையை விட்டு வெளியே வந்து பார்த்தார்கள். ரயில் கிளம்புகிற நேரம், ஜன்னல் கம்பிக்குள் இருந்து அவர் சொன்னது வேறு ஒன்றும் இல்லை.

"நான் திரும்பி வார அன்னைக்கு நீதான் வண்டியை எடுத்துட்டு இங்கன வரணும். வேற ஒருத்தரும் கைவைக்கக் கூடாது. ஒரு கீறல் இல்லாம வச்சிரு."

என்னைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். ரயில் போய்விட்டது.

அவர் போன இடம் பாலைவனம் என்பது மட்டும் தெரியும். கடிதத்தில் ஊர்ப் பெயர் இருக்காது, நம்பர்தான் இருக்கும். நடுநடுவே மேலதிகாரிகள் மை பூசி அழித்த வரிகள். முதல் வரி காரைப் பற்றி இருக்கும், அடுத்தது அப்பாவைப் பற்றி, கடைசி வரி எனக்கு. பேட்டரியைச் சாகவிடாதே, மாதம் ஒரு தடவையாவது ஓட்டு என்று எழுதுவார். பெட்ரோலோ கூப்பனுக்குத்தான் கிடைக்கும். கிடைத்ததை வைத்து மாதம் ஒரு சனிக்கிழமை எங்கள் ஊருக்குப் பக்கத்துப் புதுக்கோட்டை வரை போய்த் திரும்பிவருவேன். பக்கத்து இருக்கையில் மாமனார் இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கொண்டு வருவார். "பொம்பள கையில காரைக் குடுத்துட்டுப் போயிருக்கான் பாரு" என்று சொந்தத்தில் சொன்னவர்களுக்கு அவர் தந்த பதில் ஒன்றே ஒன்றுதான். "நான் உயிரோடதான இருக்கேன்" என்பார்.

இரண்டு வருஷம் அப்படிப் போனது. அதன் பிறகு ஐந்தாறு மாதமாக வந்த கடிதங்களில் காரைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. சௌக்கியம், சாப்பாடு பரவாயில்லை, அப்பா உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும். முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, இப்போதாவது அவர் மனதில் கார் ஒரு படி கீழே இறங்கியது என்று. நாலு கடிதம் ஆனதும் பயம் வந்தது. காரையே மறந்தவர் என்னை எவ்வளவு சுலபமாக மறப்பார் என்று தோன்றியது. ராணுவத்துக்குப் போனவர்கள் வேறு ஆளாகத் திரும்பி வந்த கதைகள் ஊரில் நிறைய உண்டு. அவர் இறங்குகிற அன்று இந்த வண்டியை முழுசாக, பளபளப்பாக அவர்முன் நிறுத்திவிட்டால் பழைய ஆள் அப்படியே திரும்பிவிடுவார் என்று ஒரு எண்ணம் எனக்குள் பிடித்துக்கொண்டது. அறிவுள்ள எண்ணம் இல்லைதான். அதை வைத்துத்தான் நாட்களைத் தள்ளினேன்.

ஒரு காலையில் தபாலாபீசில் அவருடைய கடிதம் வந்து கிடந்தது. அது அந்த மாதத்து ஓட்டத்துக்கான நாள், காரில்தான் போயிருந்தேன். மாமனார் கடையில் இருந்தார். காருக்குள் உட்கார்ந்து பிரித்தேன். நீண்ட லீவு கிடைத்திருக்கிறது, பன்னிரண்டு நாளில் வருகிறேன் என்று இருந்தது. நீண்ட லீவு. அதை ஏழெட்டுத் தடவை படித்தேன். வீட்டுக்கு நேர்வழியில் போகாமல் கடற்கரை ரோட்டைச் சுற்றிக்கொண்டு போனேன், ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கடிதம் மடியில் கிடந்தது. காற்றில் அது எழும்பியது. பறந்துவிடும் என்று ஒரு கையால் பிடித்தேன்.

அங்கே கரையேற்றி மராமத்துக்கு நிறுத்தியிருந்த ஒரு தோணியின் அணியம், அதாவது அதன் முன்மூக்கு, ரோட்டுக்குள் இரண்டடி நீட்டிக்கொண்டிருந்தது. இடதுபக்க மட்கார்டு அதில் போய் நசுங்கியது. சத்தம் அப்படியொன்றும் பெரிதில்லை. எஞ்சின் நின்றுபோனது, நான் உட்கார்ந்தேயிருந்தேன், கடிதம் கையில் இருந்தது.

தோணி வேலை செய்கிற ஓடாவி, அதாவது தோணித் தச்சர், ஓடிவந்தார். ஐம்பது வயது இருக்கும், கழுத்தில் கயிற்றில் கோத்த சிலுவை. அவர் முதலில் தடவிப் பார்த்தது தோணியைத்தான். அதற்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"தாயி, அடி உமக்கு இல்லியே?"

"எனக்கு இல்ல."

அவர் மட்கார்டைக் குனிந்து பார்த்தார். ஒரு பெரிய சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு உள்ளே போயிருந்தது, நடுவில் பெயிண்ட் உரிந்து தகரம் தெரிந்தது. "பலகையா இருந்தா அரை நாளையில மாத்திருவேன்" என்றார். அந்த வார்த்தை என் மனதில் தங்கிவிட்டது. தங்காமல் இருந்திருக்கலாம்.

அங்கிருந்து நேராக ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துப் பட்டறைக்குத்தான் போனேன். அதை நடத்தியவர் என் வீட்டுக்காரரோடு ஒன்றாக வேலை கற்றவர், வயதில் இளையவர், அண்ணன் பெண்டாட்டி என்ற முறையில் என்னை மயினி என்றுதான் கூப்பிடுவார். அவர் மட்கார்டைப் பார்த்தார், அடியில் கையைவிட்டுத் தடவினார், உச்சுக்கொட்டினார்.

"மயினி, இது சும்மா தட்டி எடுக்கிற அடி இல்ல. மட்கார்டைக் கழத்தணும், காய்ச்சணும், பையப் பையச் சுருக்கி எடுக்கணும். பெயிண்டு மெட்ராஸ்லேருந்து வரணும்."

"எத்தனை நாளு?"

"அங்கன பாருங்க, மிலிட்டரி லாரி ஒம்பது நிக்கி. அதை முடிக்காம வெளி வண்டியில கைவைக்க முடியாது. இருவது நாளு ஆவும். இருவத்தஞ்சுன்னே வச்சுக்கிடுங்க."

"அவுக பன்னெண்டு நாளையில வாராக."

அவர் முகம் மலர்ந்தது. "அண்ணன் வாராகளா? பெறவு என்ன? அண்ணன் வந்து பாத்து, எப்படிச் செய்யணும்னு சொல்லட்டும். ஒண்ணு மட்டும் கேளுங்க மயினி. வீட்டுல வச்சு யாரையும் தட்ட விட்டுராதீய. தகரத்தைத் தட்டத் தட்ட நீளும். நீண்டது பெறவு உள்ளயும் நிக்காது வெளியயும் நிக்காது."

அவர் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் "அண்ணன் வந்து பாக்கட்டும்" என்றாரே, அது நடக்கக் கூடாது என்பதற்காகத்தானே நான் அங்கே போனேன். பட்டறையில் விட்டால் வேலை ஒழுங்காக நடக்கும், ஆனால் என் வீட்டுக்காரர் ரயிலை விட்டு இறங்கும்போது ஸ்டேஷன் வாசலில் கார் இருக்காது. வீட்டில் வைத்துத் தட்டினால் கார் இருக்கும், எப்படி இருக்கும் என்பதுதான் தெரியாது. வீடு வரும்வரை இதையே புரட்டிக்கொண்டு வந்தேன்.

மாமனார் ஒரு பார்வை பார்த்தார். "கார் செட்டுல போட்டுப் பூட்டி வை. ஸ்டேஷனுக்குக் குதிரைவண்டி அனுப்பிருவோம். நமக்கு வேண்டியது அவனா, வண்டியா?" என்றார்.

அவர்தான் வேண்டும். ஆனால் குதிரைவண்டியில் போய் நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஓட்டத் தெரியாத பெண்ணாக அவர் என்னை விட்டுப்போகவில்லை. அடுத்த நாள் மாமனார் கடைக்குப் போனதும் செட்டுக்குள் போய், மட்கார்டுக்கு அடியில் உட்கார்ந்து, உலக்கைப் பூணால் உள்ளிருந்து நெம்பிப் பார்த்தேன். அசையவில்லை. திரும்பத் திரும்ப நெம்பினேன். கை தோல் உரிந்தது. உலக்கையைத் தூக்கி எறிந்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த மாமனார் செட்டு வாசலில் நின்று அதைப் பார்த்தார். வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். சாப்பிடவும் இல்லை.

சாயங்காலம் அவர், நான் முந்தின நாள் சொல்லியிருந்த அந்த ஓடாவியைத் தேடிப்பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். ஓடாவி கையில் கொட்டாப்புளி, அதாவது பெரிய மரச்சுத்தியல், ஒரு பை நிறைய மணல்.

ஓடாவி வேலையைத் தொடங்கும் முன் மட்கார்டின்மேல் கட்டைவிரலால் ஒரு சிலுவை போட்டார். தோணியில் முதல் ஆணி அடிக்கும் முன் போடுவது போலத்தான். கார் தோணி இல்லை என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. மணல் பையை வெளிப்பக்கம் அணைத்துப் பிடிப்பது என் வேலை, அவர் உள்ளிருந்து தட்டினார். ஒவ்வொரு அடியும் மணல் வழியாக என் நெஞ்சில் வந்து இறங்கியது. தகரம் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பி வந்தது. இரண்டாம் நாள் முடிவில் தூரத்திலிருந்து பார்த்தால் குழி தெரியவில்லை. பட்டறைக்காரருக்கு என்ன தெரியும் என்று நான் நினைத்தேன்.

கிட்டே போய்க் கையை வைத்தபோதுதான் தெரிந்தது. லேசாக அழுத்தினால் தகரம் டொப்பென்று உள்ளே போனது. கையை எடுத்தால் டொப்பென்று வெளியே வந்தது. மண்ணெண்ணெய் டின்னின் அடியை அழுத்துகிற மாதிரி. மாமனார் இரண்டு மூன்று தடவை அழுத்திப் பார்த்தார், அவருக்குப் பிடித்துவிட்டது. "அழுத்தாதீங்க மாமா" என்று நான் சீறினேன். "யாரு வந்து இதை அழுத்தப் போறா? பாக்கத்தான போறான்" என்றார்.

அதோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்போம். உரிந்த இடத்தில் தகரம் வெறுமையாக இருந்தது. எங்கள் ஊர்க் கடல்காற்றுக்கு ஒரு வாரம் போதும், துரு ஏறிவிடும். பெயிண்ட் கிடைக்கும்வரை என்ன செய்வது என்று கேட்டேன். ஓடாவி யோசிக்கவே இல்லை.

"சுறா எண்ணெய் தடவுங்க தாயி. தோணிக்கு நாங்க அதைத்தான தடவுதோம். உப்புத் தண்ணியே அண்டாது, காத்து என்ன செய்யும்?"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள் யாருக்கும் அது தப்பாகப் பட்டிருக்காது. ஒரு பானை நிறையக் கொண்டுவந்தார். பழந்துணியில் தோய்த்து நானே மூன்று தடவை பூசினேன். மீதம் இருக்கிறதே என்று வலதுபக்க மட்கார்டுக்கும் பூசினேன். மறுநாள் டிரங்குப் பெட்டிக்கு அடிக்கிற கறுப்புப் பெயிண்ட் கடைத்தெருவில் கிடைத்தது. அதை வாங்கிவந்து எண்ணெயின்மேல் அடித்தேன்.

அது காயவில்லை. ஒரு நாள் பார்த்தேன், இரண்டு நாள் பார்த்தேன். விரலை வைத்தால் ஒட்டியது. காற்றில் வந்த மணல் ஒட்டியது, கோழியிறகு ஒட்டியது, ஈ வந்து உட்கார்ந்து போக முடியாமல் நின்றது. எல்லாவற்றையும்விட நாற்றம். தெருவில் இருந்த பூனை அத்தனையும் எங்கள் செட்டைச் சுற்றி வந்து உட்கார்ந்துகொண்டன. ஒரு கிழட்டுப் பூனை மட்கார்டின்மேலேயே ஏறி நக்கி, நாக்கெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டு போனது. மாமனார் அதைப் பார்த்து, "அவன் இறங்குதப்போ ஸ்டேஷன்ல இதுகளும் வரிசையா வந்து நிக்கும்" என்றார்.

சாம்பல் போட்டுத் தேய்த்தேன், சோடா உப்புப் போட்டுத் தேய்த்தேன், சீயக்காய் போட்டுத் தேய்த்தேன். பெயிண்ட் திட்டுத்திட்டாக உரிந்து வந்தது, நாற்றம் போகவில்லை. நாளோ மூன்றுதான் மிச்சம். வெட்கத்தை விழுங்கிக்கொண்டு காரைப் பட்டறைக்கு ஓட்டிப்போனேன். பட்டறைக்காரர் பத்தடி தூரத்திலேயே மூக்கைச் சுளித்தார்.

"சுறா எண்ணெயா மயினி?"

"ஆமா."

அவர் சிரித்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். சிரிக்காமல் மட்கார்டை ஒரு தடவை அழுத்தினார். டொப். இன்னொரு தடவை. டொப். "நான் சொன்னேம்லா" என்றுகூடச் சொல்லவில்லை. லாரி வேலையை விட்டுவிட்டு, மண்ணெண்ணெயும் உப்புத்தாளும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அன்று முழுவதும் தேய்த்து, இடதுபக்க மட்கார்டு முழுவதையும் வெறும் தகரமாக்கிவிட்டார். வலதுபக்கத்துப் பழைய பெயிண்ட் தப்பிவிட்டது.

"இதுக்குமேல இப்ப ஒண்ணும் செய்ய முடியாது. ஒண்ணு இங்கன விட்டுட்டுப் போங்க, மாசக் கடைசியில புதுசு மாதிரி தாரேன். இல்ல, இப்படியே எடுத்துட்டுப் போங்க. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

நான் காரைப் பார்த்தேன். உடம்பெல்லாம் கறுப்பு, ஒரு மட்கார்டு மட்டும் விளக்கிவைத்த பாத்திரம் போலப் பளபளத்தது. ஒரு கீறல் இல்லாமல் என்று சொன்னவரின் முன்னால் இதைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். இல்லை என்றால் குதிரைவண்டி. எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ரயில் வந்த அன்று ஸ்டேஷன் வாசலில் இடதுபக்கம் சுவரைப் பார்க்க, கதவு திறக்கிற அளவு மட்டும் இடம் விட்டுக் காரை நிறுத்தினேன், மட்கார்டு தெரியாமல் இருக்க. அவர் இறங்கிவரும்போது என்ன சொல்ல வேண்டும் என்று பாடம் பண்ணி வைத்திருந்தேன். மாமனார் பிளாட்பாரத்துக்குள் போனார். எனக்குத் தைரியம் இல்லை, காரோடு நின்றேன்.

கூட்டம் எல்லாம் வெளியே வந்து கலைந்தது. அவர்கள் வரவில்லை. கடைசியில் மாமனார் தோளில் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் பின்னால், இரண்டு கம்புகளை ஊன்றிக்கொண்டு, இடது காலை மடக்காமல் இழுத்து இழுத்து வைத்து, மெலிந்துபோன ஒரு மனிதர் வந்தார். அது அவர்தான் என்று எனக்குத் தெரிவதற்கு முன் நாலு எட்டு வைத்துவிட்டார்.

கிட்டே வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. காரைச் சுற்றிக்கொண்டு சுவர்ப் பக்கமாகப் போய்க் குனிந்து பார்த்தார். அவர் கண்ணுக்கு எதையாவது மறைத்துவிட முடியுமா?

"என்ன ஆச்சு?"

"தோணியில மோதிட்டேன்."

"தோணியிலயா?"

"ஆமா. கரையில நின்ன தோணி." பிறகு, "காலு?" என்றேன்.

"லாரி கவுந்துட்டு."

"எப்ப?"

அவர் கம்புகளைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சொன்னார். ஐந்து மாதத்துக்கு மேலாகப் பூனாவில் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். முட்டி இனி மடங்காது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நீண்ட லீவு என்றால் அதுதான். கிளட்சை அழுத்த முடியாத கால் என்று தெரிந்த நாளிலிருந்துதான் காரைப் பற்றி எழுதுவதை விட்டிருக்கிறார்.

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது. மாமனார் பக்கத்தில் நிற்கிறார், ஜட்காக்காரர்கள் பார்க்கிறார்கள், எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. "ஒரு தகரம் நசுங்கினதை உங்ககிட்ட எப்படிச் சொல்லுவேன்னு பன்னெண்டு நாளா நான் செத்துப் பொழைச்சிருக்கேன். கால் போனதை நீங்க ஒரு வரி எழுதல. சௌக்கியம், சௌக்கியம்னு எழுதியிருக்கீய. நான் யாரு உங்களுக்கு?" என்று கேட்டேன். அழுகையில் பாதி வார்த்தை வெளியே வரவில்லை.

அவர் நின்றபடியே நிலை தவறினார். சட்டென்று மட்கார்டின்மேல் கையை ஊன்றினார். டொப்பென்று அது உள்ளே போனது. பதறிக் கையை எடுத்தார். டொப்பென்று வெளியே வந்தது. அவர் என்னைப் பார்த்தார். மறுபடி ஒரு தடவை வேண்டுமென்றே அழுத்திப் பார்த்தார்.

"யாரு தட்டுனா இதை?"

"தோணி ஓடாவி."

"சுறா எண்ணெய் வாடை அடிக்கே."

"அடிக்கும்."

அப்போதுதான் சிரித்தார். உப்பளத்துச் சாலையில் கேட்ட அதே சிரிப்பு. கம்புகளை உள்ளே போட்டு, காலை இரண்டு கையாலும் தூக்கி வைத்து, இடதுபக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். நான் அழுதுகொண்டே கியரைப் போட்டேன், தப்பாகப் போட்டேன், வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மாதக் கடைசியில் பெயிண்ட் வந்தது, பட்டறைக்காரர் கூப்பிட்டார். காய்ச்சிச் சுருக்கிப் புதுசு மாதிரி ஆக்கித் தருகிறேன் என்றார். இவர் வேண்டாம் என்றார். "பெயிண்டு மட்டும் அடி. தகரத்துல கைவைக்காத." ஏன் என்று அன்று எனக்குப் புரியவில்லை. கொஞ்ச நாளில் புரிந்தது. அவர் காருக்குள் ஏறுவதை யாரும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, நானும்கூட. நான் எஞ்சினை ஓடவிட்டு நேராக முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் மெல்ல முன்பக்கமாகச் சுற்றி வருவார். மட்கார்டை ஒரு தடவை அழுத்துவார். டொப் என்று கேட்டதும் நான் குனிந்து அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட வேண்டும். எங்கள் இருவருக்கும் அதற்குமேல் பேச்சு தேவைப்படவில்லை. பட்டறையில் அவரும் கூட்டாளி ஆனார். உட்கார்ந்த இடத்திலிருந்தே எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக் குற்றம் சொல்வார். அவரைக் காலையில் கொண்டுபோய் விடுவதும் சாயங்காலம் கூட்டிவருவதும் என் வேலை. ஆறு வருஷம், ஒரு நாளைக்கு நாலு தடவையாவது அந்தச் சத்தம் கேட்டிருப்பேன்.

ஏழாம் வருஷம் ஒரு மழைக்காலத்தில் நாலு நாள் காய்ச்சலில் அவர் போய்விட்டார். காரணம் அந்தக் கால் இல்லை, நெஞ்சு என்று டாக்டர் சொன்னார்.

அடக்கம் முடிந்த மறுவாரம் ஏரலில் ஒரு சொந்தத்தைப் பார்க்க மாமனாரும் நானும் புறப்பட வேண்டியிருந்தது. நான் முதலில் போய் உட்கார்ந்து எஞ்சினை ஓடவிட்டேன். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமனார் எப்போது வந்தார், எப்போது கதவைத் திறந்து உட்கார்ந்தார் என்று எனக்குத் தெரியாது. அவர் இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார்.

"கிளம்பலியா தாயி?" என்றார் கடைசியில்.

கிளம்ப முடியவில்லை. கால் கிளட்சில் இருந்தது, எடுக்க வரவில்லை. எஞ்சினை ஓடவிட்டபடியே இறங்கி, காரின் முன்பக்கமாகச் சுற்றிப் போனேன். மட்கார்டின்மேல் கையை வைத்து ஒரு தடவை அழுத்தினேன். சத்தம் கேட்டது. திரும்பி வந்து உட்கார்ந்து, கியரைப் போட்டேன்.